'பிரஸ்': ஒரு சொல்லும் அதன் சொந்தக்காரரும்

நமது ஊர்க் கடைத்தெருவிலே 'பிரஸ்' என்ற பலகை தொங்கும் இடத்துக்குள் நுழைந்தால் கலியாண அழைப்பிதழும் அந்தியேட்டிக் கல்வெட்டும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதே சொல்லை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு செல்லும் வாகனத்தில் இருப்பவரோ நிருபர். அமைச்சர் 'பிரஸ்'ஸைச் சந்தித்தார் என்று கேள்விப்படும்போது அங்கே அச்சியந்திரம் எதுவும் இருந்திருக்காது. கேள்வி கேட்க வந்த ஒரு கூட்டமே இருந்திருக்கும். 'பிரஸ்'ஸின் குரல்வளை நெரிக்கப்படுகிறது என்று ஒருவர் மேடையிலே முழங்கும்போது அச்சொல் யந்திரமுமன்று, மனிதருமன்று. அது ஒரு கோட்பாடாகிவிடுகிறது.

தமிழிலே இவற்றுக்கு நாம் வெவ்வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். அச்சியந்திரம், அச்சகம், பத்திரிகையாளர், பத்திரிகையுலகம் என்று பிரித்துச் சொல்ல நமக்கு முடியும். ஆங்கிலத்திலோ இவை யாவும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இதை வெறும் அகராதி வேடிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் சொற்கள் தாமாகப் பொருள் மாறுவதில்லை. சமுதாயத்திலே கைகள் மாறும்போது, உடைமைகள் மாறும்போது, சொற்களும் அந்த மாற்றத்தின் தழும்புகளைத் தம்மேல் தாங்கிக்கொள்கின்றன. 'பிரஸ்' என்ற சொல்லின் சரித்திரத்தை ஆராயப்புகின், அச்சியந்திரம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்ற சரித்திரத்தையே நாம் படிக்க நேர்கிறது.

*

அழுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நெருக்கியடிக்கும் சனக்கூட்டத்துக்கும், திராட்சையைப் பிழியும் யந்திரத்துக்கும் பழைய ஆங்கிலேயர் இதையே வழங்கினர். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மைன்ஸ் நகரத்திலே கூட்டன்பர்க் அச்சுத் தொழிலைத் தொடக்கியபோது, திருகாணி கொண்டு அழுத்தும் அத்தகைய யந்திரத்தின் முறையையே தழுவிக்கொண்டார். திராட்சைக்குப் பதிலாகக் காகிதம் வந்தது, பெயர் மாறவில்லை. 1476ஆம் ஆண்டில் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் முதல் அச்சகத்தை நிறுவியபோது இங்கிலாந்துக்கும் அந்த யந்திரம் வந்து சேர்ந்தது.

ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு காலம் அச்சொல்லின் பொருள் மரமும் இரும்புமாகவே இருந்தது. ஆட்சியாளரும் அதை அவ்வாறே கண்டனர். 1662ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டத்தைப் பார்த்தால் இது துலக்கமாகும். அச்சகம் நடத்தும் எசமானர்களின் தொகை இருபதுக்கு மேற்படாதவாறு குறைக்கப்படவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதுமட்டுமன்று, தச்சன் ஒருவன் அச்சியந்திரம் செய்வதானாலும், கொல்லன் ஒருவன் அதற்கு இரும்புப் பாகம் அடிப்பதானாலும், வார்ப்பவன் ஒருவன் எழுத்து வார்ப்பதானாலும் அச்சகத்தாரின் சங்கத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. கருத்தைக் கட்டுப்படுத்துவதற்குக் கொல்லனின் உலைக்களம் வரை அரசு சென்றது! கருத்துக்குக் கை கால் முளைப்பது உற்பத்திச் சாதனத்தின் மூலமே என்ற உண்மையை அன்றைய ஆட்சியாளர் நன்குணர்ந்திருந்தனர்.

அதன் கொடுமைக்கு இரையான ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். ஜோன் ருவின் என்பவர் இலண்டனில் ஒரு சிறிய அச்சகம் வைத்திருந்தவர். மன்னன் தவறு செய்தால் மக்கள் அவனைத் தண்டிக்கலாம் என்று வாதிட்ட ஒரு பிரசுரத்தை அவர் இரகசியமாக அச்சிட்டார். 1663ஆம் ஆண்டில் ஒருநாள் விடியுமுன்னே அரசின் 'பிரஸ்' கண்காணிப்பாளரான றொஜர் லெஸ்ட்ரேன்ஜ் காவலர்களுடன் வந்து அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். வயிற்றுப்பிழைப்புக்காகச் செய்த தொழில் என்று ருவின் மன்றாடினார். எழுதியவர் பெயரை அவர் சொல்லவில்லை. 1664இல் தூக்கிலிடப்பட்டு அவரது உடல் துண்டு துண்டாக்கப்பட்டது. எழுதியவர் தப்பினார்; அச்சிட்டவர் மாண்டார். 'பிரஸ்' சுதந்திரம் என்பதன் முதற் பொருள் இவ்வாறு ஓர் அச்சாளனின் உயிரோடு சம்பந்தப்பட்டதாகும்.

அச்சிடுவதற்கு முன்னர் அனுமதி பெறவேண்டும் என்ற முறையை எதிர்த்து 1644ஆம் ஆண்டிலேயே கவிஞர் மில்ற்றன் தமது புகழ்பெற்ற பிரசுரத்தை வெளியிட்டிருந்தார். எனினும் அவர் வேண்டிய சுதந்திரம் கத்தோலிக்கருக்கு உரியதாக இருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. 1695இல் அனுமதிச் சட்டம் காலாவதியானது. அதைப் புதுப்பிக்க மறுத்த பாராளுமன்றத்தினர் கருத்துரிமை என்னும் உன்னதக் கோட்பாட்டை உயர்த்திப் பேசவில்லை. அச்சகச் சங்கத்தின் வர்த்தக ஏகபோகமும், வீடு புகுந்து சோதனையிடும் தொல்லையும் பற்றிய முறைப்பாடுகளே அவர்கள் முன்வைத்த காரணங்கள். ஒரு பெரிய சுதந்திரம் இப்படிச் சந்தை வாசல் வழியாக உள்ளே வந்தது.

*

முன்னனுமதி ஒழிந்தபின் செய்தித்தாள்கள் பெருகின. 1702ஆம் ஆண்டில் இலண்டனில் நாளேடு தோன்றிற்று. பதினெட்டாம் நூற்றாண்டினூடே 'பிரஸ்' என்ற சொல் மெல்ல மெல்ல யந்திரத்தை விட்டெழுந்து, அதிலிருந்து வெளிவரும் ஏடுகளின் தொகுதியைக் குறிக்கலாயிற்று. இந்த ஏற்றத்தோடு புதியதொரு தளையும் வந்தது. தூக்குக்கயிற்றுக்குப் பதிலாக வரி வந்தது.

1712ஆம் ஆண்டில் செய்தித்தாள்மீது முத்திரை வரி விதிக்கப்பட்டது. படிப்படியாக உயர்ந்து, 1815இல் அது பிரதியொன்றுக்கு நான்கு பென்ஸ் ஆயிற்று. இதனால் ஒரு செய்தித்தாளின் விலை ஏழு பென்ஸ் அளவுக்கு ஏறியது. கூலியாளின் கைக்கு எட்டாத விலை அது. வில்லியம் கொபெற் என்பார் 1816இல், செய்திகளை விலக்கி அரசியற் கட்டுரையை மாத்திரம் அச்சிட்டு, முத்திரையில்லாமல் இரண்டு பென்சுக்கு விற்றார். தொழிலாளர் அதைக் கூட்டமாகக் கூடி வாசிப்பித்துக் கேட்டனர். மேட்டுக்குடியினர் அதை இரண்டு பென்சுக் குப்பை என்று இகழ்ந்தனர்.

1819 ஓகஸ்ட் 16ஆம் நாள் மன்செஸ்ரரிலே சீர்திருத்தம் கோரிக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பலரைக் கொன்றது. பீற்றர்லூ என்று சரித்திரம் கூறும் இப்படுகொலையின் பின்னர், கொலையுண்டவர்களுக்கு நீதி வழங்குவதற்குப் பதிலாக, அரசு ஆறு அடக்குமுறைச் சட்டங்களை இயற்றிற்று. அவற்றுள் ஒன்று மலிவுவிலைப் பிரசுரங்களையும் முத்திரை வரிக்குள் கொண்டுவந்தது. அதனைப் பிரபுக்கள் சபையிலே ஆதரித்துப் பேசிய எலன்பறோப் பிரபு உண்மையை ஒளிக்கவில்லை. இச்சட்டம் மதிப்புவாய்ந்த 'பிரஸ்'ஸுக்கு எதிரானதன்று, பஞ்சைகளின் 'பிரஸ்'ஸுக்கே எதிரானது என்று அவர் பகிரங்கமாகக் கூறினார்.

இங்கே நமது சொல்லின் சரித்திரத்தில் ஒரு திருப்பத்தைக் காண்கிறோம். அதுவரை ஒன்றாயிருந்த சொல்லை ஆளும் வர்க்கத்தின் வாயே இரண்டாகப் பிளந்துவிட்டது. 'பிரஸ்' என்று பொதுவாகச் சொல்லும்போது மறைந்திருக்கும் வர்க்கபேதத்தை, அதனை மறைக்கவேண்டியவரே வெளிப்படுத்திவிட்டார்.

பஞ்சைகளின் 'பிரஸ்' அதற்குத் தக்க விடையளித்தது. 1831ஆம் ஆண்டில் ஹென்றி ஹெதறிங்ரன் 'ஏழையின் காவலன்' என்று பொருள்படும் பெயருடன் ஒரு பென்சுக்கு வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். சட்டத்தை மீறியே வெளிவருகிறோம் என்பதை முகப்பிலேயே அறிவித்தார். அரசின் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் அச்சியந்திரம் ஒன்றின் படத்தைப் பொறித்து, அறிவே ஆற்றல் என்ற வாசகத்தையும் சேர்த்தார். அரசின் அடையாளம் நீங்கிய இடத்தில் தொழிலாளியின் கருவி! ஹெதறிங்ரன் சிறைக்குச் சென்றார். இத்தகைய பத்திரிகைகளைத் தெருவில் விற்ற நூற்றுக்கணக்கான ஏழைகளும் சிறைக்குச் சென்றனர். 1834இல் அப்பத்திரிகை சட்டவிரோதமானதன்று என்று ஜூரிமார் தீர்ப்பளித்தனர். 1836இல் அரசு முத்திரை வரியை ஒரு பென்சாகக் குறைத்தது. கூடவே, முத்திரையற்ற தாள்களுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. அடுத்த ஆண்டில் லீட்ஸ் நகரில் தோன்றிய 'நோர்தேண் ஸ்ரார்' சாசன இயக்கத்தின் குரலாய் நாடெங்கும் ஒலித்தது. தொழிலாளர் பத்திரிகை ஒன்று நாட்டின் பெரிய பத்திரிகைகளோடு விற்பனையிலே தோளுரசி நின்ற காலம் அது.

முத்திரை வரி முற்றாக ஒழிந்தது 1855இல். பள்ளிப் பாடநூல்கள் 'பிரஸ்' சுதந்திரத்தின் கதையை இவ்விடத்தில் மங்களம் பாடி முடித்துவிடுவதுண்டு. நாமோ, அங்கிருந்தே தொடரவேண்டியவராயுள்ளோம்.

*

வரி போனது, யந்திரம் வளர்ந்தது. 1814 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை முதன்முதலாக நீராவி யந்திரத்தில் அச்சாகி வெளிவந்தது. கையால் இயக்கும் யந்திரம் மணிக்கு ஏறக்குறைய 250 தாள்களை அச்சிட, இப்புதிய யந்திரம் 1,100 தாள்களை அச்சிட்டது. தொழிலாளர் உடைத்துவிடுவர் என்ற அச்சத்தால் அது இரகசியமாகப் பொருத்தப்பட்டது. பின்னர் வந்த சுழல் யந்திரங்கள் மணிக்கு ஆயிரமாயிரம் பிரதிகளைக் கக்கின. கூடவே யந்திரத்தின் விலையும் ஏறிற்று. கொபெற்றும் ஹெதறிங்ரனும் சொற்ப முதலுடன் தொடங்கிய தொழிலைத் தொடங்குவதற்குப் பெரும் மூலதனம் வேண்டியதாயிற்று. வாசகன் கொடுக்கும் காசு போதாது. விளம்பரக்காரனின் தயவும் வேண்டும். 1896ஆம் ஆண்டில் அல்பிரட் ஹாம்ஸ்வேத் தொடங்கிய 'டெயிலி மெயில்' அரைப் பென்சுக்கு விற்கப்பட்டது. பஞ்சைப் பத்திரிகையின் விலையிலும் பாதி! ஆனால் அதன் உடைமையாளர் சில ஆண்டுகளில் நோர்த்கிளிவ் பிரபு ஆனார். 'பிரஸ்' பிரபுக்கள் என்ற சொற்றொடர் ஆங்கிலத்தில் வழக்கூன்றியது. அச்சொல் இப்போது முதலாளியின் பட்டமாயிற்று.

இதே காலத்தில் இன்னொரு சொல்லும் இடம்பெயர்ந்தது. 'பிரஸ்மன்' என்றால் முன்னாளில் அச்சியந்திரத்தின் கைப்பிடியை இழுக்கும் தொழிலாளி. தோள் வலிக்க, மை படிந்த கையுடன் நாளெல்லாம் நின்று உழைத்தவன் அவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பெயர், குறிப்பேட்டுடன் செல்லும் நிருபருக்கு உரியதாகிவிட்டது. கையின் பெயரை மூளை எடுத்துக்கொண்டது. ஓர் உழைப்பாளியின் பெயர் இன்னொருவருக்குப் போகும்போது அவ்வுழைப்பாளி மக்கள் கண்ணிலிருந்தும் மறைந்துபோகிறான்.

மறைந்தவன் ஒருமுறை வெளிப்பட்டான். 1926 மே மாதத் தொடக்கத்தில், கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை முதலாளிகள் கதவடைத்து வெளியேற்றியிருந்தனர். அவர்களுக்கு ஆதரவாகப் பொது வேலைநிறுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மே 2ஆம் நாள் இரவு, அவ்வேலைநிறுத்தத்தைப் புரட்சி என்று தூற்றி 'டெயிலி மெயில்' எழுதிய தலையங்கத்தை அச்சிட அங்குள்ள தொழிலாளர் மறுத்தனர். தமது வர்க்கத்தைப் பழிக்கும் எழுத்தைத் தமது கையால் அச்சிட மாட்டோம் என்பதே அவர்கள் நிலை. போல்ட்வினின் அரசாங்கம் இதனை 'பிரஸ்' சுதந்திரத்தில் நிகழ்ந்த பாரதூரமான தலையீடு என்று கூறிப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. தொழிற்சங்கத் தலைவர்கள் தமக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு திரும்பியபோது பிரதமர் நித்திரைக்குப் போய்விட்டார் என்பர்.

சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்துவிட்டது! ருவினின் காலத்தில் 'பிரஸ்' சுதந்திரம் என்றால் அச்சாளன் அச்சிடும் உரிமை. 1926இல் அதன் பொருள் முதலாளி எழுதச்செய்ததை அச்சாளன் அச்சிட்டே தீரவேண்டும் என்பதாயிற்று. எந்த மனிதனைக் காக்கப் பிறந்ததோ அந்த மனிதனுக்கு எதிராகவே அச்சொல் திருப்பப்பட்டது.

அதன் பின்பு ஒன்பது நாட்களில் நடந்தது இதைவிடக் கூர்மையான பாடம். 'பிரஸ்' சுதந்திரத்துக்காகக் கண்ணீர் வடித்த அரசாங்கம் சேர்ச்சிலின் பொறுப்பிலே தனக்கென ஒரு நாளேட்டை வெளியிட்டது. தொழிற்சங்கங்கள் தம் பத்திரிகையை வெளியிட்டபோது அரசாங்கம் காகிதத்தைக் கைப்பற்ற, எட்டுப் பக்கத்தில் தொடங்கிய பத்திரிகை நான்காகச் சுருங்கியது. எழுதத் தடையில்லை, எழுதியதை ஏற்றுவதற்குத்தான் தாள் இல்லை.

இரண்டாம் உலகப்போரின் பின் பத்திரிகை உடைமை பற்றி விசாரிக்க 1947இல் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தாம் 'டெயிலி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையை நடத்துவது பிரசாரத்துக்காகவே என்று பீவர்புறூக் பிரபு அதன்முன் கூசாமல் சாட்சியமளித்தார். 'டெயிலி ஹெரால்ட்' தொழிலாளர் இயக்கத்தோடு வளர்ந்த பத்திரிகை. 1964இல் அது மறைந்தபோதும் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. வாசகர் இருந்தனர், ஆனால் அவ்வாசகர் ஏழைகளாதலால் விளம்பரக்காரர் வரவில்லை. அதன் இடத்தில் வந்த 'சன்' 1969இல் றூபேட் மேர்டொக்கின் கைக்கு மாறியது. முத்திரை வரி செய்து முடிக்காத வேலையைச் சந்தை செய்து முடித்தது.

1986இல் இறுதி அங்கம் நிகழ்ந்தது. மேர்டொக்கின் நிறுவனம் தன் பத்திரிகைகளை இலண்டனின் வொப்பிங் பகுதியில் இரகசியமாக ஆயத்தஞ்செய்த கணினிக் கூடத்துக்கு மாற்றியது. வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 5,500 தொழிலாளர் வேலையிழந்தனர். பத்திரிகையாளரில் சிலர் உள்ளே செல்ல மறுத்து வேலையைத் துறந்தனர். பெரும்பாலோர் வாசலில் நின்ற தொழிலாளரைக் கடந்து உள்ளே சென்றனர். பழைய 'பிரஸ்மன்' வெளியே. புதிய 'பிரஸ்மன்' உள்ளே. அச்சுத் தொழிலாளர் ஓராண்டுக்கு மேல் போராடித் தோற்றனர். பின்னாளில் எழுத்தாளர் மேசைகளும் வெறுமையாகத் தொடங்கியபோது, வாசலில் அவர்களுக்காக நிற்கக்கூடியவர்கள் அங்கிருக்கவில்லை.

*

இது இங்கிலாந்தின் கதை. நம் பக்கத்தில் இச்சொல் வேறொரு பாதையிற் சென்றது. இங்கிலாந்தில் 'பிரஸ்' கோட்பாடாகி மேலே உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதே இங்கிலாந்தின் குடியேற்ற நாடுகளில் அது இரும்பாகவே கிடந்தது. 1820இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜேம்ஸ் கரெற் என்ற அச்சாளர் யாழ்ப்பாணம் வந்தபோது, உப தேசாதிபதி எட்வேட் பான்ஸ் அவரை இத்தீவில் தங்கவிடாது வெளியேற்றினார். மானிப்பாயில் மிசன் அச்சகம் இயங்கத் தொடங்க 1834 ஆயிற்று. அதன்பின்னரே, 1841இல், 'உதயதாரகை' தோன்ற முடிந்தது. ஓர் அச்சாளனைக் கப்பலேற்றியதால் ஒரு சமுதாயத்தின் அச்சு வாழ்வு பின்தள்ளப்பட்டது.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டுச் சுதேச மொழிப் பத்திரிகைகளை மாத்திரம் பிடித்தது. பிணைத்தொகை கட்டாதவனின் அச்சியந்திரம் பறிமுதலாகும். எலன்பறோப் பிரபு இங்கிலாந்தில் வர்க்கத்தால் பிரித்ததை, லிற்றன் பிரபு இந்தியாவில் மொழியால் பிரித்தார்.

சுதந்திரத்துக்குப் பின்னர் நமது நாட்டில் நடந்தவற்றையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். ஏகபோக உடைமையை உடைப்பதாகக் கூறி 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசாங்கம் பொறுப்பேற்றபோது இடதுசாரிகள் பலர் அதை வரவேற்றனர். ஏகபோகம் உடையவில்லை, உடையவன்தான் மாறினான். 'தினபதி', 'சிந்தாமணி' முதலியவை வெளிவந்த அச்சகம் 1974 ஏப்ரலில் அவசரகால விதிகளின்கீழ் முத்திரையிட்டு மூடப்பட்டது. பின்னர் ஆட்சி மாறியபோதும் லேக் ஹவுஸ் அந்தந்த ஆட்சியின் ஊதுகுழலாகவே ஒலித்தது. முதலாளியிடமிருந்து பறித்தால் போதும், அது தானே மக்களுடையதாகிவிடும் என்று நம்பியது நம்மவர் செய்த தவறு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அந்நாட்களிலே 'ஈழநாடு' அலுவலகமும் அச்சகமும் தீக்கிரையாக்கப்பட்டன. கோட்பாட்டோடு வாதாட விரும்பாதவர்கள் யந்திரத்தைத் தேடி வருவார்கள் என்ற 1662ஆம் ஆண்டுப் பாடத்தை நாமும் நெருப்பிலே படித்தோம்.

*

இன்று பல பத்திரிகைகள் காகிதமே இல்லாமல் திரையில் வெளிவருகின்றன. அங்கே எதுவும் எதன்மீதும் அழுத்தப்படுவதில்லை. ஆயினும் 'பிரஸ்' என்ற பெயர் நிலைத்திருக்கிறது. போர்க்களத்திலே நிருபர்கள் அதனை நெஞ்சில் எழுதிக்கொண்டு செல்கின்றனர். கவசமாக அணியும் அச்சொல்லே சில வேளைகளில் குறியிலக்காகவும் ஆகிவிடுகிறது. யந்திரம் மறைந்த காலத்திலும் அதற்காகச் சிந்தும் இரத்தம் மறையவில்லை.

ஆகவே 'பிரஸ்' சுதந்திரம் என்று எவரேனும் முழங்கும்போது, கைதட்டுமுன் ஒரு கேள்வி கேட்க நாம் பழகிக்கொள்ள வேண்டும். எந்தப் 'பிரஸ்'? தாளும் யந்திரமும் திரையும் யாருடையவை? எழுதுபவனுக்கு மறுக்கும் உரிமை உண்டா? அச்சிடுபவனுக்கு உண்டா? ஒரு பென்சுக்காரனின் குரலுக்கு அதில் இடம் உண்டா? அரசு தலையிடாதிருத்தல் இச்சுதந்திரத்தின் பாதிதான். அப்பாதிக்காகவும் நாம் போராடவே வேண்டும். அதற்காக உயிர் கொடுத்தவர்களை இந்நாடும் அறியும். மறுபாதி, சாதனம் யாரிடம் இருக்கிறது என்பதிலே தங்கியுள்ளது.

வகுப்பறையில் இச்சொல்லுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர் 'பத்திரிகை' என்று ஒரு சொல்லில் கூறி அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். சற்றே தாமதித்து, அரச முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் அச்சியந்திரத்தின் படத்தைப் பொறித்த ஹெதறிங்ரனின் கதையையும் சொல்வாராயின், மாணவர் ஒரு சொல்லோடு அதன் சொந்தக்காரரையும் அறிந்துகொள்வர்.